மெனு போடுவது எப்படி: அடக்கவிலையிலிருந்து அச்சடித்த அட்டை வரை

புதிதாக உணவகம் தொடங்குகிறவர்களில் பலர் மெனுவைத் தலைகீழாகப் போடுகிறார்கள். பக்கத்துக் கடையின் விலைப்பட்டியலைப் பார்த்து அறுபது பெயர் எழுதுவது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் குறைத்து விலை வைப்பது, நல்ல வடிவமைப்பாளரைப் பிடித்து அட்டை அடிப்பது. சமையலறையால் அதைச் செய்து தர முடியுமா, தட்டுக்கு என்ன நிற்கிறது என்பதெல்லாம் கடை திறந்து மூன்று மாதம் கழித்துத்தான் நினைவுக்கு வரும். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் சமையலறை, பிறகு அடக்கவிலை, பிறகு விற்பனை விலை, ஒரு மாத விற்பனைக் கணக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில் அட்டை.

கீழே வரும் விலைகள் எல்லாம் உதாரணத்துக்காகப் போட்டவை. எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம், கணக்கு மாறாது.

முதல் படி: பெயர்களைக் குறைப்பது

ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாகச் சமையல் பொருட்கள், மேலே இடமிருந்து வலமாக உணவுகள். எந்தப் பொருள் எந்த உணவில் சேர்கிறதோ அங்கே ஒரு குறி. முடித்ததும் ஒரே ஒரு குறி மட்டும் விழுந்திருக்கும் வரிசைகளைப் பாருங்கள். கெட்டுப்போகும் பொருள் எதுவாக இருந்தாலும் குறைந்தது இரண்டு உணவிலாவது போக வேண்டும், மூன்று என்றால் இன்னும் நல்லது. வாரத்துக்கு எட்டுத் தட்டு போகும் ஒரே ஓர் உணவுக்காக வாங்கும் காளானில் பாதி குப்பைக்குத்தான் போகும். அந்தப் பாதியின் விலை எந்த அடக்கவிலைக் கணக்கிலும் வராது என்பதால், மாதக் கடைசியில் பணம் எங்கே போனது என்று தெரியாது.

அதே தாளில் ஒவ்வோர் உணவும் எந்த அடுப்பில் வேகிறது என்று எழுதுங்கள். இருபது உணவில் பதினான்கு சுடும் அடுப்புக்கே போனால், கூட்ட நேரத்தில் அந்த ஓர் ஆள் திணறுவார், பொரிக்கும் ஆள் கைகட்டி நிற்பார். வாடிக்கையாளருக்குத் தெரிவது ‘தாமதம்’ ஒன்றுதான்.

மெனு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்குப் பலர் ஒரு மனவியல் காரணம் சொல்வார்கள்: தேர்வு அதிகமானால் வாடிக்கையாளர் குழம்பிவிடுவாராம். 2000இல் வெளிவந்த பழ ஜாம் ஆய்வு இதற்குப் பெயர்போனது. 24 வகையை வைத்தபோது வாங்கியவர்கள் சொற்பம், 6 வகையை வைத்தபோது பத்து மடங்கு. ஆனால் 2010இல் ஐம்பது சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. ஆகவே அதை நம்பி மெனுவை வெட்ட வேண்டியதில்லை. வெட்டுவதற்கு உங்கள் குளிர்பெட்டியும் அடுப்பும் போதிய காரணம். இரண்டு மூன்று பேர் சமைக்கும் கடைக்கு 20 முதல் 25 உருப்படிக்கு மேல் போனால் தரம் ஆடத் தொடங்கும் என்பது எங்கள் கணிப்பு.

இரண்டாம் படி: அளவுச் சீட்டு

ஒவ்வோர் உணவுக்கும் ஒரு சீட்டு. அதில் பொருளின் பெயர், கிராமில் அளவு, வெட்டும் விதம், எந்தக் கரண்டி, எந்தத் தட்டு, ஒரு படம். ‘ஒரு கைப்பிடி’, ‘தேவையான அளவு’ என்ற சொற்கள் வீட்டுச் சமையலுக்குச் சரி; இந்தச் சீட்டில் வரக் கூடாது. மாஸ்டர் விடுப்பில் போன அன்றும் அதே தட்டு வர வேண்டும் என்பது ஒரு காரணம். அளவு இல்லாத பொருளுக்கு அடக்கவிலை போட முடியாது என்பது பெரிய காரணம்.

சாஸ், குழம்பு அடிப்படை, மசாலா விழுது போல மொத்தமாகச் செய்து வைப்பவற்றுக்குத் தனிச் சீட்டு வேண்டும். ஒரு முறை செய்தால் எத்தனை லிட்டர் வருகிறது என்பதை வற்றிய பிறகு அளந்து எழுதுங்கள், அடுப்பில் ஏற்றும்போது அல்ல. 10 லிட்டர் ஏற்றி 7 லிட்டராக இறக்கும் குழம்பை 10 லிட்டர் என்று கணக்குப் போட்டால் அடக்கவிலையில் 30 சதவீதம் குறைத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்றாம் படி: உண்மையான அடக்கவிலை

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. சந்தையில் கொடுக்கும் விலை வேறு, தட்டில் விழும் பொருளின் விலை வேறு. நடுவில் தோல், எலும்பு, தலை, காம்பு, கொழுப்பு எல்லாம் கழிகிறது. வெங்காயத்தை உரித்து முனை வெட்டினால் பத்தில் ஒரு பங்கு போகும். முழு மீனைத் துண்டமாக்கினால் இனத்தைப் பொறுத்துப் பாதிதான் தேறும், சில இனத்தில் அதுவும் தேறாது. இறைச்சி சுடும்போது மேலும் கால் பங்கு எடை குறையலாம். இந்தப் பொது அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வியாபாரி தரும் சரக்கை, உங்கள் ஆள் உங்கள் கத்தியால் வெட்டும்போது மூன்று தடவை எடைபோட்டு, சராசரி எடுங்கள்.

சுட்ட கோழித் தட்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம். எலும்போடு கோழி கிலோ 240க்கு வாங்குகிறீர்கள். எலும்பு நீக்கினால் 600 கிராம் தேறுகிறது, அதாவது 60 சதவீதம். அப்படியானால் பயன்படும் கறியின் விலை கிலோவுக்கு 240 ÷ 0.60 = 400. தட்டுக்கு 180 கிராம் என்றால் 72. அதனோடு சாஸ் 14, பக்கக் காய்கறி 16. கூட்டினால் 102. உப்பு, எண்ணெய், தூவும் பொடி, மேசையில் வைக்கும் சில்லறைப் பொருட்கள் ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்க முடியாது. அதற்கு 4 சதவீதம் சேர்த்தால் அடக்கவிலை 106.

எலும்புக் கழிவை மறந்தவர் என்ன செய்வார்? 180 கிராமுக்கு 43 என்று போட்டு, எல்லாம் சேர்த்து 76 என்று முடிப்பார். உணவுச் செலவு விற்பனை விலையில் 32 சதவீதம் இருக்கட்டும் என்று விலை வைத்தால் அவருக்கு 238 வரும். சரியான விலை 331. அவர் 238க்கு விற்கும் ஒவ்வொரு தட்டிலும் உணவுச் செலவு 32 அல்ல, 44 சதவீதத்துக்கு மேல். கூட்டம் அலைமோதும் கடை மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கத் திண்டாடுவதற்கு இப்படிப்பட்ட ஒரு தட்டு போதும், அதுவும் அது அதிகம் விற்கும் தட்டாக இருந்துவிட்டால்.

நீக்கிய எலும்பு சூப்புக்குப் போகிறது என்றால் அதற்கு ஒரு சிறு மதிப்பு வைத்துக் கழிக்கலாம். நிஜமாகவே தினமும் போகிறதா என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள்.

நான்காம் படி: விலை வைத்தல்

உணவுச் செலவு விற்பனை விலையில் 28 முதல் 35 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்பது தொழிலில் புழங்கும் பொது அளவு. உணவுச் செலவும் ஆட்கூலியும் சேர்ந்து விற்பனையில் 60, மிஞ்சினால் 65 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்னொன்று. அடக்கவிலையை 0.32ஆல் வகுத்தால் ஒரு தொடக்க விலை கிடைக்கும். அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி, மீன் போன்ற விலை கூடிய பொருளுக்கு அந்த வகுத்தல் யாரும் வாங்காத விலையைத் தரும்; சூப்புக்கும் தேநீருக்கும் அடிமாட்டு விலையைத் தரும்.

விலையில் வரி சேர்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டுத்தான் சதவீதம் பார்க்க வேண்டும். வரிப் பணம் உங்கள் கல்லாவில் தங்குவதில்லை.

பார்சலுக்குத் தனிக் கணக்கு. டப்பா, பை, கரண்டி, சாஸ் பொட்டலம் எல்லாம் அடக்கவிலையில் சேரும். வீட்டுக்குக் கொண்டுசெல்லும் செயலி 25 சதவீதம் கழிவு எடுத்தால் விலையை 25 சதவீதம் ஏற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. 330ஐ 25 சதவீதம் ஏற்றினால் 412. அதில் கழிவு போக உங்களுக்கு வருவது 309தான். 330 கைக்கு வர வேண்டும் என்றால் 330 ÷ 0.75 = 440 வைக்க வேண்டும். ஏற்றம் 33 சதவீதம். அந்த விலையில் விற்காத உணவைச் செயலியில் போடாமல் விட்டுவிடலாம். ஆறிப்போனால் சுவை கெடும் உணவையும் அப்படியே.

ஐந்தாம் படி: சதவீதத்தை மறந்து மிச்சத்தைப் பார்ப்பது

கடை திறந்து நான்கு வாரமாவது ஓடிய பிறகு செய்யும் வேலை இது. மெனுக் கணக்கில் மிக அதிகமாகப் பயன்படும் முறையை 1982இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கசவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் முன்வைத்தார்கள். இரண்டே கேள்விகள்: இந்த உணவு எத்தனை பேரால் வாங்கப்படுகிறது? விற்பனை விலையிலிருந்து அடக்கவிலை போக ஒரு தட்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது?

ஒரு பிரிவுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும். சூப்பையும் முக்கிய உணவையும் ஒரே பட்டியலில் போட்டால் சூப்பு எப்போதும் தோற்கும். முக்கிய உணவுகள் ஐந்து, மாதம் 1,000 தட்டு விற்பனை என்று வைப்போம்:

நூடுல்ஸ்: 340 தட்டு, விலை 180, அடக்கம் 45, மிச்சம் 135
சுட்ட கோழி: 310 தட்டு, விலை 330, அடக்கம் 106, மிச்சம் 224
ஆட்டிறைச்சிக் குழம்பு: 150 தட்டு, விலை 380, அடக்கம் 190, மிச்சம் 190
சுட்ட மீன்: 110 தட்டு, விலை 420, அடக்கம் 170, மிச்சம் 250
காய்கறித் தட்டு: 90 தட்டு, விலை 200, அடக்கம் 70, மிச்சம் 130

விற்பனைக்கான எல்லைக்கோடு: எல்லாம் சமமாக விற்றால் ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம் வரும், அதில் 70 சதவீதம், அதாவது 14 சதவீதம். 1,000இல் 140 தட்டு. அதற்கு மேல் போனால் நன்றாக விற்கும் உணவு. மிச்சத்துக்கான எல்லைக்கோடு: மொத்த மிச்சம் 183,040ஐ 1,000ஆல் வகுத்தால் 183. எளிமையாக 224, 190, 250 என்று ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்துவிடாதீர்கள். விற்ற எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

இரண்டு கோட்டையும் தாண்டியவை நட்சத்திரம். நன்றாக விற்றும் மிச்சம் குறைந்தவற்றைக் கசவானாவும் ஸ்மித்தும் ஏர் இழுக்கும் குதிரை என்றார்கள். நமக்கு உழவு மாடு என்றால் சட்டென்று விளங்கும். மிச்சம் அதிகம், விற்பனை குறைவு என்றால் புதிர். இரண்டிலும் தேறாதது நாய் (நாய்மேல் என்ன கோபமோ).

இப்போது ஆட்டிறைச்சியைப் பாருங்கள். உணவுச் செலவு 50 சதவீதம். சதவீதத்தை மட்டும் வைத்துப் பார்க்கும் முதலாளி அதைத்தான் முதலில் தூக்குவார். ஆனால் 150 தட்டு, மிச்சம் 190, இரண்டு கோட்டையும் தாண்டி நிற்கிறது. 25 சதவீதம் என்று மினுக்கும் நூடுல்ஸ்தான் கோட்டுக்குக் கீழே. ஆட்டிறைச்சியை எடுத்துவிட்டு அந்த 150 பேரும் நூடுல்ஸுக்கு மாறினால் உங்கள் உணவுச் செலவுச் சதவீதம் அழகாகக் குறையும், கூடவே மாதம் 150 × 55 = 8,250 பணமும் குறையும். வாடகையைச் சதவீதத்தில் கட்ட முடியாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கூட்ட நேரத்தில் அடுப்பு இடம் போதாத கடையில் தட்டுக்கு எவ்வளவு என்பதைவிட அடுப்பு நிமிடத்துக்கு எவ்வளவு என்பதே முக்கியம். மீன் 18 நிமிடம் அடுப்பை அடைத்துக்கொண்டு 250 தருகிறது, நிமிடத்துக்கு 14. அதே இடத்தில் 6 நிமிடத்தில் முடியும் நூடுல்ஸ் 135 தருகிறது. நிமிடத்துக்கு 22க்கு மேல். இடம் காலியாக இருக்கும் நேரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆறாம் படி: நான்கு வகைக்கும் நான்கு வைத்தியம்

நட்சத்திரத்தைத் தொடாதீர்கள். அளவு, சுவை, தட்டு, பெயர் எதையும் மாற்ற வேண்டாம். சரக்கு தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே அங்கே வேலை.

உழவு மாட்டுக்கு விலையைச் சிறிது ஏற்றிப் பார்க்கலாம். நூடுல்ஸை 180இலிருந்து 190 ஆக்கினால் மிச்சம் 145. பழைய மொத்த மிச்சம் 45,900 வருவதற்கு 317 தட்டு விற்றால் போதும். அதாவது 340இல் 23 பேர் விலகினாலும் நட்டமில்லை. ஏற்றுவதற்கு முன் இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் பயம் போய்விடும். விலை ஏற்ற முடியாத இடத்தில் ஓரத்தில் வைக்கும் துணைப் பொருளை மாற்றுங்கள். எதற்காக வருகிறார்களோ அந்த முக்கியப் பொருளின் அளவில் கைவைத்தால் இரண்டே வாரத்தில் தெரிந்துகொள்வார்கள்.

புதிர் விற்காததற்குக் காரணம் பெயர் புரியாமல் இருப்பதாக இருக்கலாம், பட்டியலில் நடுவில் புதைந்திருப்பதாக இருக்கலாம், விலை அச்சுறுத்துவதாக இருக்கலாம். இந்த வரிசையிலேயே சோதியுங்கள். முதல் இரண்டுக்கும் செலவில்லை. பரிமாறும் ஊழியர்களை அந்த உணவை ஒரு தடவை சாப்பிட வையுங்கள். சாப்பிடாத உணவை யாராலும் மனதார எடுத்துச்சொல்ல முடியாது.

நாயை எடுத்துவிடலாம், ஒரு கேள்வி கேட்டுவிட்டு: இது இல்லையென்றால் ஒரு குழுவே வராமல் போகுமா? ஆறு பேரில் ஒருவர் இறைச்சி உண்ணாதவராக இருந்து அவருக்கு ஒன்றுமே இல்லையென்றால், மீதி ஐந்து பேரும் வேறு கடைக்குப் போவார்கள். நம் உதாரணத்தில் காய்கறித் தட்டு அப்படிப்பட்டதுதான். எடுக்காமல், அதன் அடக்கத்தைக் குறைக்கவோ விலையைத் திருத்தவோ செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். விலை, பெயர், இடம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஏழாம் படி: அட்டை

மெனுவைத் திறந்ததும் கண் போகும் ‘தங்க முக்கோணம்’ இருக்கிறது, அங்கே லாபமான உணவை வையுங்கள் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதுண்டு. கண்ணின் அசைவைக் கருவியால் அளந்து 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மக்கள் மெனுவைப் புத்தகம்போல வரிசையாகப் படிப்பதுதான் தெரிந்தது. தனியாக ஓர் இடம் ஈர்க்கவில்லை. ஒரு பட்டியலின் முதலும் கடைசியும் நடுவில் உள்ளவற்றைவிட அதிகம் தேர்வாகின்றன என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் முதல் இடமும் கடைசி இடமும் நட்சத்திரத்துக்கும் புதிருக்கும். ஒரு பிரிவில் ஐந்து முதல் ஏழு.

விலைகளை வலது ஓரத்தில் ஒரே நேர்கோட்டில், புள்ளி வரிசை இழுத்து அடுக்காதீர்கள். அப்படி அடுக்கினால் கண் விலை வரிசையில் மட்டும் இறங்கி, மிகக் குறைந்ததில் போய் நிற்கும். விவரணை முடிந்த இடத்தில், அதே எழுத்தில், தடிப்பு இல்லாமல் விலையைப் போடுங்கள். நாணயக் குறியை விடலாம். வெறும் எண் போட்ட அட்டையைப் பார்த்தவர்கள் அதிகம் செலவழித்ததாக 2009இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரே உணவகத்தில் நடந்த ஆய்வு என்பதால் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். குறி கட்டாயம் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொன்னால் பேச்சே இல்லை.

விவரணையில் முக்கியப் பொருள், சமைத்த விதம், காரமா இல்லையா என்பது இருந்தால் போதும். ‘நாவில் நடனமாடும்’ வகைப் பேச்சு வேண்டாம். நிலக்கடலை, பால், முட்டை, கோதுமை, மீன் போன்ற ஒவ்வாமைப் பொருட்களைக் கட்டாயம் குறியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி 14 பொருட்களைப் பற்றிய தகவலைத் தருவது 2014 டிசம்பர் முதல் சட்டக் கட்டாயம். படம் போட்டால் தட்டு அந்தப் படம்போலவே வர வேண்டும். கடையின் இரவு வெளிச்சத்தில், அறுபது வயதுக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

எட்டாம் படி: கணக்கும் கையும் ஒத்துப்போகிறதா

மாதக் கடைசியில் இரண்டு எண்ணை ஒப்பிட வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் விற்ற தட்டுகளை அடக்கவிலையால் பெருக்கினால் ஆகியிருக்க வேண்டிய செலவு 101,660. நிஜச் செலவு என்பது தொடக்க இருப்பு 18,000, அதோடு கொள்முதல் 109,000, அதிலிருந்து கடைசி இருப்பு 16,500 போக 110,500. இடைவெளி 8,840, விற்பனையான 284,700இல் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். ஊழியர் சாப்பாட்டை எழுதி வைத்திருந்தால் முதலில் அதைக் கழியுங்கள். மீதிக்குக் காரணம் வழக்கமாக மூன்று: கெட்டுப்போனது, காணாமல் போனது, கை தாராளம். மூன்றாவதுதான் அதிகம். கோழி 180 கிராமுக்குப் பதில் 200 விழுந்தால் தட்டுக்கு 8, மாதம் 310 தட்டுக்கு 2,480.

கை தாராளத்துக்கு மருந்து தராசும் அளவுக் கரண்டியும். எண் போட்ட உருண்டைக் கரண்டி வாங்கினால் எண் பெரிதாகப் பெரிதாக அளவு சிறுக்கும். 32 அவுன்ஸ் கொண்ட ஒரு குவார்ட்டில் (அமெரிக்க அளவை, ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) எத்தனை கரண்டி எடுக்கலாம் என்பதுதான் அந்த எண். 8ஆம் எண் ஏறக்குறைய 120 மில்லி, 16ஆம் எண் அதில் பாதி. கூட்டம் இல்லாத மதியத்தில் அல்ல, நெருக்கடி நேரத்தில் ஐந்து தட்டை எடைபோட்டுப் பாருங்கள்.

முக்கியப் பொருட்களில் விலை அதிகமான பத்தை மட்டும் வாரா வாரம் பாருங்கள். உப்பும் கடுகும் வருடத்துக்கு இருமுறை போதும். எதன் விலையாவது பத்து சதவீதம் நகர்ந்தால் அது சேரும் சீட்டுகளை மட்டும் திருத்துங்கள். அட்டையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்படி மலிவான தாளில் அச்சடிப்பது நல்லது. விலைமேல் ஒட்டுத்தாள் ஒட்டிய அட்டையைப் பார்ப்பவர் முதலில் செய்வது அதை உரித்துப் பழைய விலையைப் பார்ப்பதுதான். அட்டையின் கீழ் மூலையில் அச்சான தேதியைச் சிறிதாகப் போட்டு, பழைய அட்டை ஒன்றை அந்த மாதங்களின் விற்பனைக் கணக்கோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த மெனு போடும்போது முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கோப்பை.